மேலே உறக்கம், கீழே ஓட்டம்: ட்ரையத்லன் வீரருக்கு மலைநாடு எதற்கு?

பிதுருதலாகலை உச்சியில் படுத்துறங்கி, விடிந்ததும் ஹட்டனுக்கு இறங்கி ஓடினால், 1997இல் அமெரிக்காவில் வெளியான பெயர்பெற்ற ஓர் ஆய்வை நம் ஊரிலேயே திரும்பச் செய்ததாகிவிடும். பென் லெவினும் ஜிம் ஸ்ட்ரே-கண்டர்சனும் 39 ஓட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு அது. அதில் ஒரு குழு நான்கு வாரம் 2,500 மீட்டர் உயரத்தில் வசித்து, 1,250 மீட்டரில் பயிற்சி செய்தது. பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீட்டர்; ஹட்டன் ஏறத்தாழ 1,270. உச்சியில் இருப்பவை ஒளிபரப்புக் கோபுரங்களும் காவலும்தான், பாய் விரிக்க யாரும் விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அந்தக் குழு கடல்மட்டத்துக்கு வந்து 5,000 மீட்டர் ஓடியபோது, முன்பு எடுத்த நேரத்தில் சராசரியாக 13 வினாடி குறைந்திருந்தது. மேலேயே வசித்து மேலேயே ஓடியவர்களுக்கும் கீழேயே இருந்தவர்களுக்கும் அது கிடைக்கவில்லை. "மேலே வசி, கீழே பயிற்சி செய்" என்ற சூத்திரம் அங்கிருந்து பரவியது. தொழில்முறை ட்ரையத்லன் வீரர்கள் ஆண்டில் பல வாரங்களை இதற்காகவே ஒதுக்குகிறார்கள்.

மலைநாட்டு இளைஞர்கள் இதைக் கேட்டதும் சொல்வது ஒன்றுதான்: "நாங்கள் மலையில்தானே இருக்கிறோம், எங்களுக்கு அது இயல்பாகவே கிடைத்துவிட்டதே!" அதில் பாதிதான் உண்மை.

விளையாட்டைப் பற்றிச் சில வரிகள்

ட்ரையத்லன் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் நிற்காமல் ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பது. உடுப்பும் சப்பாத்தும் மாற்றும் நேரத்திலும் மணிக்கூடு ஓடிக்கொண்டே இருக்கும். 1974 செப்டம்பர் 25ஆம் திகதி சான் டியாகோவின் மிஷன் பே கடற்கரையில் 46 பேர் கலந்துகொண்ட போட்டியோடு இது தொடங்கியது. 1978இல் ஹவாயில் அயன்மேன் எனப்படும் மிக நீண்ட வகைப் போட்டி முதன்முதலில் நடந்தபோது புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். ஒலிம்பிக்கில் இது 2000ஆம் ஆண்டு சிட்னியில் நுழைந்தது.

தூரங்கள் நான்கு வகை. ஸ்பிரின்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் இதன் இரு மடங்கு. 70.3 எனப்படுவது 1.9, 90, 21.1 கிலோமீட்டர், அதையும் இரட்டித்தால் முழு அயன்மேன். ஒலிம்பிக் வகைத் தொழில்முறைப் போட்டியில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் காற்று மறைவில் சைக்கிள் ஓட்டலாம். அயன்மேன் வகையில் அப்படிச் செய்தால் தண்டனை. குறைந்தது 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஆகவே நீண்ட போட்டியில் சைக்கிள் என்பது காற்றோடு தனியாக மல்லுக்கட்டுவது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மலைநாட்டுக்காரர் தடுமாறுவது இங்கேதான்.

தொழில்முறை வீரரின் வாரம் 20 முதல் 30 மணி நேரப் பயிற்சி. அதில் பெரும்பகுதி, பேசிக்கொண்டே செய்யக்கூடிய மெதுவான வேலை. மூன்று நான்கு வாரம் உயரமான ஊரில் தங்குவது, இறங்கிப் போட்டியிடுவது, ஓய்வெடுப்பது, மறுபடி ஏறுவது என்று ஆண்டு போகும். வெளியிலிருந்து பார்க்கச் சுற்றுலா மாதிரி தெரியும். உள்ளே அது சாப்பாடு, தூக்கம், துணி துவைப்பு, சைக்கிள் பெட்டி கட்டுவது. ஹவாய் உலகப் போட்டியில் முதலிடத்துக்கு 1,25,000 டொலர் பரிசு. பத்தாம் இடத்துக்குப் பின்னால் முடிக்கிறவருக்கு விமானச் சீட்டுக் காசு மிஞ்சினாலே பெரிது.

ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் இருக்கும் வீரர்கள், ஒவ்வொரு நாளும் எந்த இடத்தில் எந்த 60 நிமிடம் இருப்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். 12 மாதத்துக்குள் மூன்று தடவை தவறினால் அது விதிமீறல். லயத்து வீட்டுக்கோ தோட்டத்து பங்களாவுக்கோ வழி கண்டுபிடிக்கச் சிரமம் என்றால், பாதிக்கப்படுவது வீரர்தான். அதனால் தங்குமிடத்தின் படலைக்கு எப்படி வந்து சேர்வது என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

உயரம் உடம்பை என்ன செய்கிறது?

மலைக் காற்றில் ஒட்சிசன் விகிதம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். விகிதம் கொழும்பிலும் நுவரெலியாவிலும் ஒன்றே, ஏறத்தாழ 21 சதவீதம். குறைவது காற்றின் அழுத்தம். கடல்மட்ட அழுத்தத்தை 100 என்று வைத்தால் கண்டியில் (சுமார் 500 மீட்டர்) 94, ஹட்டனில் 86, நுவரெலியாவில் (1,868 மீட்டர்) 80. அழுத்தம் குறைந்தால் அதே மூச்சில் நுரையீரலுக்குள் போகும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறையும்.

சிறுநீரகம் இந்தக் குறைவை உணர்ந்து எரித்ரோபொயட்டின் என்ற ஹோர்மோனை அதிகமாகச் சுரக்கிறது. இது முதல் ஓரிரு நாளிலேயே நடக்கும். அந்த ஹோர்மோன் எலும்பு மச்சையிடம் "இன்னும் செங்குருதிக் கலங்களைச் செய்" என்று சொல்கிறது. புதிய கலங்கள் முற்றிக் குருதியில் சேர நாட்கள் பிடிக்கும்; கணிசமாகச் சேர மூன்று நான்கு வாரம் வேண்டும். போதிய உயரத்தில் ஒவ்வொரு 100 மணி நேரத் தங்கலுக்கும் உடம்பின் மொத்த ஈமோகுளோபின் ஏறத்தாழ 1 சதவீதம் கூடும் என்பது பயிற்சியாளர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது. இங்கே எண்ண வேண்டியது பயிற்சி மணி அல்ல, தங்கும் மணி. இரவில் நுவரெலியாவில் தூங்கிவிட்டுப் பகல் முழுக்கக் கண்டியில் வேலை செய்கிறவருக்குக் கணக்கு மெதுவாகத்தான் ஏறும்.

இதே ஹோர்மோனை ஊசியில் ஏற்றுவதுதான் தடைசெய்யப்பட்ட "ஈபிஓ". மலையில் தூங்குவது அனுமதிக்கப்பட்ட, மெதுவான, உடம்பே அளவு பார்த்துச் செய்கிற வழி.

"போதிய உயரம்" என்றால் எவ்வளவு? பொதுவாக 1,800க்கும் 2,500க்கும் இடையில். சுவிற்சர்லாந்தின் சென் மொறிற்ஸ் 1,822 மீட்டர். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்குக்குத் தயாராகப் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த ஃபோன்ட் ரோமு பயிற்சி நிலையம் 1,850 மீட்டர் அளவில் இருக்கிறது. நோர்வே ட்ரையத்லன்காரர்கள் அடிக்கடி போகும் ஸ்பெயினின் சியெரா நெவாடா நிலையம் 2,320 மீட்டர். இந்த வரிசையில் நுவரெலியா கீழ்ப்படிகளில் நிற்கிறது. பட்டிப்பொல, அம்பேவளைப் பக்கமும் ஏறத்தாழ அதே உயரம்தான். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை ஆகியவை 1,200 மீட்டர் அளவில் இருப்பதால் குருதியை மாற்றும் அளவுக்குப் போதாது. "மலையில்தானே இருக்கிறோம்" என்பதன் மறுபாதி தவறுவது இதனால்தான். ஆனால் அந்த ஊர்கள் வீணில்லை: வேகப் பயிற்சிக்கு அவையே பொருத்தம்.

ஏன் கீழே இறங்கி ஓட வேண்டும்?

ஒட்சிசன் குறைந்தால் வேகமும் குறையும். நுவரெலியாவில் நன்கு பயிற்சி பெற்றவரின் உச்சத் திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விடும். மூச்சு வாங்குவது கூடும், கால் மட்டும் மெதுவாகச் சுழலும். பல மாதம் இப்படியே போனால் தசைகள் வேகத்தை மறக்கின்றன. இதயம் கடுமையாக உழைத்தது போல் உணர்வீர்கள், கால்கள் அப்படி உழைத்திருக்காது. கடின நாளைக் கீழே செய்வதன் காரணம் இவ்வளவுதான்.

நடைமுறையில் தினமும் ஏறி இறங்க முடியாது, தேவையும் இல்லை. மெதுவான பயிற்சி எல்லாம் மேலே, வாரத்தில் இரண்டு கடின நாள் மட்டும் கீழே என்று பிரித்தால் போதும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். உயரம் 1,300 மீட்டருக்கு மேல் குறைகிறது. உலகின் பல பயிற்சி மையங்களில் இவ்வளவு உயர வேறுபாட்டுக்கு நீண்ட நேரம் காரோட்ட வேண்டும். நமக்கு அது ஒரு பஸ் பயணம். சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்ற இடமிராது என்பதுதான் தொல்லை. மூன்று நான்கு பேர் சேர்ந்து வான் பிடித்தால் சமாளிக்கலாம்.

மலையில் தங்கத் தொடங்கிய இரண்டாம் வாரம் போல் ஒரு வாரம் இப்படிப் போகலாம்:

திங்கள்: ஓய்வு. மாலையில் அரை மணி நேரம் நடை, தசை நீட்டல்.
செவ்வாய்: கண்டிக்கு அல்லது கம்பளைக்கு இறக்கம். 1,000 மீட்டர் வேக ஓட்டம் 5 தடவை, நடுவில் 2 நிமிடம் இளைப்பாறல். கண்டிக்குப் போனால் அதே நாளில் குளத்தில் நீச்சலும்.
புதன்: மேலே 2 மணி நேரம் மெதுவான சைக்கிள்.
வியாழன்: மேலே 1 மணி நேர மெதுவான ஓட்டம், பின் உடற்பலப் பயிற்சி.
வெள்ளி: மறுபடி இறக்கம். நீச்சல், அதன்பின் சைக்கிளில் 8 நிமிடக் கடின ஓட்டம் 4 தடவை.
சனி: 4 மணி நேரச் சைக்கிள், இறங்கியவுடன் 20 நிமிட ஓட்டம்.
ஞாயிறு: 90 நிமிட ஓட்டம், பேச முடிகிற வேகத்தில்.

இறங்க வழியில்லாத நாளில் அதே பயிற்சியை மேலே செய்வதானால், இளைப்பாறலை 2 நிமிடத்திலிருந்து 3 ஆக்குங்கள், வேகத்தைக் கிலோமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு வினாடி தளர்த்துங்கள். கடல்மட்டத்தில் அளந்த வாட் கணக்கை (மிதிக்கும் சக்தியின் அளவை) வைத்துக்கொண்டு நுவரெலியாவில் சைக்கிள் மிதிப்பது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. முதல் பத்து நிமிடம் சரியாக இருக்கும். இருபதாவது நிமிடத்தில் கால் கல்லாகிவிடும்.

வெளியூரிலிருந்து ஏறி வருகிறவர்கள் முதல் ஐந்தாறு நாள் கடினமாக எதையும் செய்யக் கூடாது. தூக்கம் கலையும், காலையில் எழும்போது துடிப்பு வழமையைவிட 5 முதல் 10 வரை கூடியிருக்கும், சிறுநீர் அடிக்கடி போகும். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி 97க்குப் பதில் 94 போல் காட்டினால் பதற வேண்டாம், அந்த உயரத்துக்கு அது இயல்பு. ஒரு வாரம் கழிந்தும் காலைத் துடிப்பு இறங்கவில்லை, பசியும் இல்லை என்றால் பயிற்சியைப் பாதியாக்க வேண்டும்.

தேத்தண்ணியும் இரும்பும்

செங்குருதிக் கலம் செய்ய இரும்புச்சத்து வேண்டும். கையிருப்பு இல்லாமல் மலை ஏறினால் ஹோர்மோன் கட்டளையிடும், மச்சையிடம் சரக்கு இருக்காது. ஏறுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே குருதியில் பெரிட்டின் (இரும்புக் கையிருப்பைக் காட்டும் புரதம்) அளவைப் பரிசோதியுங்கள். லீற்றருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால், மலை ஏறுவதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்வது நல்லது. மாதவிடாய் உள்ள பெண்களுக்கும் இறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் இந்தக் குறைவு அதிகம்.

நமக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தேயிலையில் உள்ள தனின் வகைச் சத்துகள், மரக்கறியிலும் பயறிலும் இருக்கும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலுக்குள் போகவிடாமல் தடுக்கின்றன. ரொட்டியும் கீரையும் சாப்பிடும்போதே பிளேன்டீ குடித்தால் கீரையின் இரும்பில் பெரும்பகுதி வீணாகும். தேநீரை விடச் சொல்லவில்லை, மலைநாட்டில் அதை யார் கேட்பார்கள்! சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னரோ பின்னரோ தள்ளுங்கள், போதும். சாப்பாட்டோடு தேசிக்காய், கொய்யா, நெல்லி என்று புளிப்பான ஏதாவது சேர்த்தால் விற்றமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொடுக்கும். ஈரல், இறைச்சி, நெத்தலி, மீன் ஆகியவற்றின் இரும்பைத் தேநீர் அவ்வளவாகத் தடுப்பதில்லை.

இரும்பு மாத்திரையைக் கடையில் வாங்கித் தாமாகவே விழுங்குவது ஆபத்து. நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரைக் குருதிக் குறைபாடு உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஈமோகுளோபின் குறைவாகக் காட்டும், ஆனால் இரும்பு குறைந்திருக்காது. மேலும் மேலும் இரும்பு சேர்ந்தால் ஈரலும் இதயமும் பழுதாகும். அறிக்கையை வைத்தியரிடம் காட்டிய பிறகே மாத்திரை.

மூன்று துறையும் மலையும்

நீச்சல்தான் நமக்குப் பலவீனம். நுவரெலியாவின் குளிரில் திறந்த நீரில் நீண்ட நேரம் கிடக்க முடியாது. கிரகரி வாவி படகுக்கும் பார்வைக்கும் உரியது. காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை போன்ற நீர்த்தேக்கங்கள் பார்க்க அழைப்பது போலிருக்கும். அவற்றில் தனியாக இறங்குவது உயிரைப் பணயம் வைப்பது. அடியில் மரக்கட்டையும் சேறும் கிடக்கும், கரை செங்குத்தாக இறங்கும், மதகுப் பக்கத்தில் இழுப்பு இருக்கும். நீச்சலைக் கீழே இறங்கும் நாட்களோடு சேர்த்துக் குளத்தில் முடியுங்கள். மற்ற நாட்களில் கதவுப்பிடியில் கட்டிய இறப்பர் பட்டியை நீச்சல் கைவீச்சுப்படி 20 நிமிடம் இழுத்தால் தோள் சக்தி விடுபடாது.

உயரத்தில் உள்ள குளத்தில் நீந்துவதானால் மூன்று வீச்சுக்கொரு மூச்சை விட்டுவிட்டு இரண்டு வீச்சுக்கொன்று எடுங்கள். மூச்சடக்கிப் பயிற்சி செய்தால் நுரையீரல் பலப்படும் என்ற பேச்சை நம்பி நீருக்குள் மூச்சைப் பிடிக்காதீர்கள். எச்சரிக்கை எதுவும் இல்லாமல் மயங்கிவிடுவார்கள், அதுவும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே.

சைக்கிளில் ஏற்றம் நமக்குப் பழக்கம். ஆனால் கியர் தவறாக இருந்தால் பழக்கம் உதவாது. முன்னால் 39 பல், பின்னால் 25 பல் உள்ள பழைய பந்தயச் சைக்கிளில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் மிதி நிமிடத்துக்கு 45 சுற்றுத்தான் வரும், முழங்கால் வலிக்கும். முன் 34, பின் 34 என்றால் அதே வேகத்துக்கு 70 சுற்று. மலைநாட்டில் ஓட்டுகிறவருக்குப் புதிய சில்லை விட, பெரிய பின் கியர்தான் முதல் செலவு.

இறக்கத்தில் பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே வந்தால், ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் ரிம் சூடேறி ரியூப் வெடிக்கும். வளைவுக்கு முன் பலமாகப் பிடித்து, வளைவுக்குள் விட்டு, இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பாவிக்க வேண்டும். மழைக்குப் பின் ரயில் பாதைக் குறுக்கைச் செங்கோணத்தில் தாண்டுங்கள். பனிமூட்டத்தில் பின் விளக்கு பகலிலும் எரியட்டும். வளைவில் கொழுந்து லொறியும் தனியார் பஸ்ஸும் முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும். "எனக்குத்தான் வழி" என்ற நியாயம் அங்கே எடுபடாது. ஏற்றத்தில் வியர்த்த உடம்போடு இறங்கினால் நடுங்கும். காற்றுச் சட்டை இல்லாவிட்டால் நெஞ்சில் ஒரு பத்திரிகைத் தாளைச் செருகலாம். பழைய வித்தைதான், இன்றும் பலிக்கிறது.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன இடத்துக்கு வருவோம். மலையில் 4 மணி நேரம் ஓட்டினால் அதில் ஒரு மணிக்கு மேல் மிதிக்காமல் இறங்கி வந்திருப்பீர்கள். கொழும்பு போன்ற சமதரைப் போட்டியில் 90 கிலோமீட்டரும் மிதிக்க வேண்டும், அதுவும் முழங்கையை ஊன்றிக் குனிந்த நிலையில். ஏற்றத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தே பழகிய முதுகு 40ஆவது கிலோமீட்டரில் கெஞ்சத் தொடங்கும். போட்டிக்கு எட்டு வாரம் இருக்கும்போதே வாரத்தில் ஒரு நாள் மகியங்கனைப் பக்கச் சமதரையிலோ வீட்டுக்குள் நிலையான உருளை மீதோ, குனிந்த நிலையில் 20 நிமிடம் மூன்று தடவை என்று தொடங்கி, 40 நிமிடம் இரண்டு தடவை வரை கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

வேகமானியும் ஏமாற்றும். நுவரெலியாவின் காற்று மெலிது. கொழும்பின் காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. அதே வாட்டில் மேலே சமதரையில் வந்த வேகம் கீழே வராது. "இன்றைக்குக் கால் சரியில்லை" என்று முடிவுகட்டி அழுத்தினால் ஓட்டத்துக்குச் சக்தி மிஞ்சாது.

ஓட்டத்துக்குத் தேயிலைத் தோட்டத்து மண் ரோடு அருமை. ஏறும்போது இதயமும் இறங்கும்போது தொடையும் உழைக்கும். தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குவதால் செங்குத்தான இறக்கம் அடுத்த இரண்டு நாளுக்கு வலி தரும். கடைசி இரண்டு வாரத்தில் நீண்ட இறக்கங்களை விட்டுவிடுங்கள். மழை நாளில் அட்டை வரும், கணுக்காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் குறையும்.

மழையைப் பார்த்து இடம் மாறத் தெரிய வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியா மேற்குச் சரிவை நனைக்கும்போது, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும். நுவரெலியாவில் தூங்கி, வெலிமடைக்கு இறங்கிச் சைக்கிள் ஓட்டலாம். காற்று மட்டும் பலமாக அடிக்கும். வருட இறுதியில் வடகீழ்ப் பருவக்காற்றில் இது தலைகீழ். மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் நீண்ட ஓட்டத்தை நண்பகலுக்குள் முடிக்க வேண்டும்.

போட்டி கடற்கரையில்

இங்கே உயரப் பயிற்சிக்கு ஒரு எதிரி உண்டு: வெப்பம். 2018 பெப்ரவரியில் கொழும்பில் முதல் முறையாக 70.3 போட்டி நடந்தது. தென்னாசியாவின் போட்டிகள் பெரும்பாலும் இப்படி வெக்கையும் ஈரப்பதமும் உள்ள கரையோரங்களில்தான். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவு, கொழும்பில் பகலில் 30க்கு மேல். குளிரில் மட்டுமே பயிற்சி செய்தவருக்கு எவ்வளவு ஈமோகுளோபின் இருந்தாலும், குருதியில் ஒரு பங்கு தோலைக் குளிர்விக்கப் போய்விடும், காலுக்கு மிச்சம்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெப்பத்துக்காகவே ஆண்கள் போட்டியைக் காலை 6.30க்கு வைத்தார்கள். அதில் தங்கம் வென்ற நோர்வேயின் கிறிஸ்டியன் புளும்மன்ஃபெல்ட் மலைப் பயிற்சியோடு வெப்பத்துக்கும் தனியாகத் தயாராகியிருந்தார்.

வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். முதல் நாலைந்து நாளில் குருதியின் நீர்ப்பகுதி கூடுகிறது. பிறகு வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். ஆகவே போட்டிக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே இறங்குங்கள். மலையில் சேர்த்த கலங்கள் பத்து நாளில் ஓடிவிடாது, பயன் இரண்டு மூன்று வாரம் நிற்கும். இறங்கிய முதல் வாரத்தில் சிலருக்கு உடம்பு பாரமாகத் தெரியும். அந்த நாட்களில் பயிற்சி குறைவாக இருப்பதும் நல்லதே. முன்கூட்டி இறங்க முடியாவிட்டால், கடைசி இரண்டு வாரம் ஓட்டம் முடிந்த கையோடு 40 பாகைச் சுடுநீரில் கழுத்து வரை 30 நிமிடம் அமர்ந்திருப்பது ஓரளவு ஈடுசெய்யும். தலைசுற்றினால் உடனே எழ வேண்டும், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

எவ்வளவு குடிப்பது என்பதை மலையில் கணிக்கக் கூடாது. கீழே வந்தபின் ஒரு மணி நேரம் போட்டி வேகத்தில் ஓடுங்கள். முன்னும் பின்னும் உடுப்பில்லாமல் எடை பாருங்கள். குறைந்த எடையோடு குடித்த நீரைக் கூட்டினால் வருவது உங்கள் மணிநேர வியர்வை. நுவரெலியாவில் அரை லீற்றர் இழந்தவர் கொழும்பில் ஒன்றரை லீற்றர் இழக்கலாம். வீட்டில் கலக்க ஒரு அளவு: ஒரு லீற்றர் நீர், 60 கிராம் சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய். அந்த உப்பில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் சோடியம் இருக்கும். 70.3 தூரத்துக்கு மணிக்கு 60 முதல் 90 கிராம் மாச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவு. வயிறும் பழக வேண்டிய உறுப்பு. போட்டியன்று முதல் முறையாக 90 கிராம் கொடுத்தால் அது திருப்பி அனுப்பும்.

இறங்கும் பயணத்தில் சைக்கிள்தான் முதலில் பழுதாகும். பெட்டியில் வைக்கும்போது மிதிகளைக் கழற்றுங்கள். இடது மிதியின் புரி எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதை மறந்து அழுத்தினால் புரி போய்விடும். பின் கியர் மாற்றியைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி வையுங்கள். அது தொங்கும் சிறு உலோகத் துண்டு வளைந்துபோவதுதான் பயணத்தில் அதிகம் நடப்பது. கையிருப்பாக ஒன்று கொண்டுபோகாதவர் போட்டிக்கு முதல் நாள் கடை கடையாக அலைவார். காற்றைப் போட்டியன்று காலை, போட்டி இடத்திலேயே அடியுங்கள். வெயிலில் நிறுத்திய சைக்கிளில் முதல்நாளே இறுக்கமாக அடித்த ரயர் வெடித்த சத்தம் பல போட்டிகளில் கேட்டிருக்கிறது.

இலங்கைக் கடல் நீர் ஆண்டு முழுக்க 27 பாகைக்கு மேல் என்பதால் இறப்பர் நீச்சலுடைக்குப் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது. அதை வாங்கக் காசு சேர்க்க வேண்டாம்.

உங்களுக்கு இது பலித்ததா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. மலை ஏறுவதற்கு முன் கண்டியில் ஒரு சமதரைப் பாதையில் 5 கிலோமீட்டர் முழு வேகத்தில் ஓடி நேரத்தை எழுதிவையுங்கள். இறங்கி இரண்டு வாரம் கழித்து அதே பாதையில், அதே காலை நேரத்தில், அதே சப்பாத்தோடு மறுபடி ஓடுங்கள். சிலருக்கு 20 வினாடி குறையும், சிலருக்கு ஒன்றும் மாறாது. அந்த 1997 ஆய்விலும் எல்லோரும் ஒரே அளவு முன்னேறவில்லை. இரும்பும் தூக்கமும் சரியாக இருந்தும் இரண்டு தடவை மாற்றம் இல்லையென்றால், அடுத்த வருடம் நுவரெலியா அறை வாடகைக்குப் போகும் காசை ஒரு நல்ல நீச்சல் ஆசிரியருக்குக் கொடுங்கள். 1.9 கிலோமீட்டர் நீச்சலில் தொடக்கக்காரர் ஒருவரால் குறைக்கக்கூடிய நிமிடங்கள் எந்த மலையும் தரக்கூடியதைவிட அதிகம்.